நோட்டு நிரம்பினால் படிப்பா?

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று பட்டாசு மண்டலத்தில் எங்கே பள்ளிக்கூடப் பேச்சு எழுந்தாலும் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் வந்து நிற்கிறது. "கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்குறாங்க? வாரம் பூராவும் பாட்டு, ஆட்டம், படம் ஒட்டுறது. நோட்டத் தொறந்தா ஒண்ணுமில்ல. நர்சரியில பாருங்க, எல்கேஜி பிள்ள பக்கம் பக்கமா எழுதுது." பட்டாசு ஆபீசில் கூலி வாங்கும் பெற்றோர் இதைச் சொல்கிறார்கள். கடைக்காரர் சொல்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள். நாளடைவில் இது ஊரறிந்த உண்மைபோல ஆகிவிட்டது.

இது உண்மையல்ல. ஆனால் ஏன் இப்படித் தோன்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மறுப்பதில் பயனில்லை.

பட்டாசு மண்டலம் வாரக் கணக்கில் வாழ்கிற ஊர். உருட்டிய குழாய் எத்தனை, பின்னிய சரம் எத்தனை, அடைத்த பெட்டி எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாரக் கடைசியில் கூலி கைக்கு வருகிறது. அதே கண்ணால் பிள்ளையின் வாரத்தையும் பெற்றோர் பார்க்கிறார்கள்: எத்தனை பாடம் முடிந்தது, எத்தனை பக்கம் எழுதினான்? பிள்ளை வாரம் முழுக்க என்ன கற்றது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வெயிலிலும் மருந்துத் தூளிலும் உழைத்து, அந்தப் பிள்ளையாவது வேறு வாழ்க்கை வாழட்டும் என்று நினைப்பவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? கேள்வி சரி. அளவுகோல்தான் தவறு. எழுதித் தீர்த்த பக்கம் தொடக்கப் பள்ளிப் படிப்பின் அளவு ஆகாது. திங்கட்கிழமை படிக்கத் தெரியாத ஒரு சொல்லை வெள்ளிக்கிழமை யாருடைய உதவியும் இல்லாமல் குழந்தை படிக்கிறதா, போட வராத கணக்கைப் போடுகிறதா என்பதுதான் அளவு.

ஒரு வாரத்தில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்க வகுப்புகளில் இப்போது நடப்பது எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்து திரும்பி வந்த பிறகு, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. 2023-24 கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. இத்திட்டத்தில் குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பாடம் தொடங்குவதில்லை. அதற்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எழுத்தே பிடிபடாத குழந்தை அரும்பு. மூன்றாம் வகுப்பு வயதுக்கேற்பப் படிக்கும் குழந்தை மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்றால் அதுவும் அரும்பிலிருந்துதான் ஏறி வர வேண்டும்.

பெற்றோருக்கு இது உறுத்துகிறது. "மூணாவது படிக்கிற பிள்ளைக்கு ஒண்ணாவது பாடமா?" என்று கோபப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து வந்துவிடுமா? வராது. பலகையில் உள்ளதைப் பார்த்து அப்படியே வரைந்து வைக்கும். நோட்டு நிரம்பும். அப்பா அம்மாவுக்கு மனம் நிறையும். அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போய் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். அதற்குள் ஐந்து வருடம் போய்விட்டிருக்கும்.

எழுத்துக் கற்பிக்கும் முறையையே எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளையும் அட்டவணை போட்டு ஒப்பிக்க வைப்பது பழைய வழி. தாளம் தப்பாமல் 'க கா கி கீ' சொல்லும் குழந்தையிடம் நடுவிலிருந்து ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினால் விழிக்கும். முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் அந்த எழுத்தைப் பிடிக்கும். வடிவத்தில் எளிய எழுத்துகளிலிருந்து தொடங்குவது இன்னொரு வழி. ட, ப, ம மூன்றையும் அவற்றின் புள்ளி வைத்த வடிவங்களையும் கற்ற குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று அப்போதே சொற்களைப் படிக்கிறது. துணைக்கால் வந்ததும் பாடம், மாடம், மாமா, பாப்பா. இன்னும் 'சு' ஒன்று சேர்ந்தால் ஊரெங்கும் பலகைகளில் இருக்கும் 'பட்டாசு' என்ற சொல்லையும் அது தானே படித்துவிடுகிறது. அந்த வாரம் அதன் நோட்டில் ஒரு பக்கம்தான் இருக்கலாம். ஆனால் அது படிக்கத் தொடங்கிவிட்டது.

கணக்கிலும் இதே கதைதான். 32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் விடையை 25 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, மூன்றிலிருந்து ஒன்று போனால் இரண்டு. அதன் கணக்கு அவ்வளவுதான். கழித்தல் பாடம் முடிந்துவிட்டது, பயிற்சிகள் அத்தனையும் நோட்டில் இருக்கின்றன, விடை மட்டும் தவறு. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக் கற்ற குழந்தைக்கு இந்தத் தடுமாற்றம் வருவதில்லை. மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க வேண்டும், உதிரி போதவில்லை. ஒரு கட்டைப் பிரிக்கிறது. உதிரி பன்னிரண்டு ஆகிறது. ஏழை எடுத்தால் ஐந்து. மீதியிருக்கும் இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று. விடை 15. வாசலில் நின்று பார்ப்பவருக்குப் பிள்ளை தரையில் உட்கார்ந்து குச்சி விளையாடுவதாகத்தான் தெரியும். பத்தின் இடமதிப்பு அந்தத் தரையில்தான் மனதில் பதிகிறது.

நர்சரி ஒப்பீடு

நர்சரிப் பள்ளியில் அதிகம் சொல்லித் தருகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு முதல் ஆதாரமாகக் காட்டப்படுவது அங்கே பாடத்திட்டம் உயர்ந்தது என்பது. சமச்சீர்க் கல்வி வந்து இத்தனை ஆண்டு ஆன பிறகும் இது சொல்லப்படுகிறது. 2010-11 கல்வியாண்டில் 1, 6 வகுப்புகளில் தொடங்கிய பொதுப் பாடத்திட்டத்தை எல்லா வகுப்புகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் தனியார் பள்ளியும் அரசுப் பள்ளியும் படிப்பது ஒரே பாடத்தைத்தான். அங்கே கூடுதலாக இருப்பது ஆங்கில வழி, கூடுதல் நோட்டு, வீட்டுப்பாடம், டை.

ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத ஐந்து வயதுக் குழந்தை, பொருள் தெரியாத சொல்லின் எழுத்துக்கூட்டை நாற்பது முறை எழுதுவதால் ஆங்கிலம் வந்துவிடாது. தமிழிலாவது படிக்கிறதா என்றால் அதற்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கிராமங்களில் 2008 முதல் நான்கு ஆண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நான்கு ஆண்டுக்குப் பிறகும் தெலுங்கிலோ கணக்கிலோ அந்தப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தங்கிய பிள்ளைகளைவிட முன்னேறியிருக்கவில்லை. இந்தியில் மட்டும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே செலவிட்டன, மாணவருக்கான செலவும் அங்கே குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "நர்சரிக்குப் போனால் அடிப்படைப் படிப்பு தானாக வந்துவிடும்" என்ற நம்பிக்கை அந்த ஆய்வின் முன் நிற்காது.

புத்தகத்தை முடிப்பது யாருக்காக?

எதிர்த் தரப்பின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் ஆசர் அறிக்கை. பிரதம் அமைப்பினர் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லித் தயாரிக்கும் அறிக்கை அது. 2022-ஆம் ஆண்டு ஆசர்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்தார்கள். 2024-இல் அது சுமார் 12 ஆனது. ஏற்றம்தான், ஆனாலும் அகில இந்திய அளவான 27-க்கு வெகு கீழே. "பார்த்தீர்களா, ஆடிப் பாடியதன் பலன் இது" என்கிறார்கள்.

இந்த எண்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்பது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்கு. ஆசர் அளவுகோலில் 2024 இறுதியில் அந்த இலக்கு எட்டாத் தொலைவில் இருந்தது. ஆனால் இந்த எண் எதற்குச் சான்று என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நூறு பேரில் எண்பத்தெட்டுப் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே படிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்றால், ஆசிரியர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கம் தவறாமல் நடத்துவது யாருக்காக? மீதிப் பன்னிரண்டு பேருக்காக மட்டும்தானே? நிலைக்கேற்பக் கற்பித்தல் தேவையில்லை என்பவர்கள் காட்டும் அதே எண்தான் அதன் தேவையைச் சொல்கிறது.

புத்தகம் குறித்து ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்துப் பார்த்தார்கள் மைக்கேல் கிரெமரும் அவருடன் பணியாற்றியவர்களும். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டுமே முன்னேறினார்கள். மற்றவர்களால் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே முடியவில்லை. இந்தியாவில் வடோதராவிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை வேறொரு சோதனை. பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துச் சென்று, உள்ளூர் இளம்பெண்கள் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்பித்தார்கள். பால்சகி என்று அவர்களுக்குப் பெயர். அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. இந்த ஆய்வுகளில் பங்கேற்ற கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ மூவரும்தான் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி உள்ளூர்க் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். கிராமப்புறத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளிகள் ஏராளம். அதே சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று குறைந்தபட்ச அளவு வைக்கிறது. நாளுக்கு நான்கு மணி, வாரத்துக்கு இருபது. இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்து நாற்பது மணி. ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் வகுப்புக்கு எட்டு மணி. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து பாடம். ஒரு பாடத்துக்கு வாரத்தில் தொண்ணூற்றாறு நிமிடம்!

மீதிப் பன்னிரண்டு மணி நேரம் அந்த வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது, பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதுவார்கள். நோட்டு நிரம்புவது இப்படித்தான். ஒன்றிலிருந்து மூன்று வரை எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துக் கதையும் பாட்டும் பொதுவாக நடத்தி, பிறகு நிலைவாரியாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும்போது மற்ற குழுக்கள் தமக்குரிய பயிற்சி நூலிலும் செயல்பாட்டிலும் ஈடுபடும் முறை, இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை மீட்கப் பிறந்தது. வகுப்புக்கு ஓர் ஆசிரியரை வைத்திருக்கும் தனியார் பள்ளியோடு இந்தப் பள்ளியை நோட்டை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

பாட்டும் ஆட்டமும் புதிதா?

பாட்டுப் பாடிக் கற்பது வெளியிலிருந்து வந்த விளையாட்டு என்று நினைப்பவர்கள் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை மறந்துவிட்டார்கள். எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் அங்கே வாய்ப்பாட்டாகத்தான் கற்கப்பட்டன. மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்த வழியைப் பார்த்துத் தன் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, பிறகு இங்கிலாந்துக்கு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் கொண்டுபோனார். அந்தத் திண்ணைகள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை, பிரம்புக்கும் அங்கே பஞ்சமில்லை; அவற்றைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆனால் பாட்டும் கூட்டாகக் கற்பதும் இந்த மண்ணுக்கு அந்நியம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

அண்மைக் கால வழியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைவழிக் கற்றலைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. தாழ்வாகப் பதித்த கரும்பலகையில் குழந்தையே எழுதியது அந்தக் காலத்தில்தான். அப்போதும் "புத்தகம் எங்கே, பரீட்சை எங்கே?" என்ற இதே குரல் எழுந்தது.

கொரோனாவுக்குப் பிந்திய ஆய்வு இன்னும் நேரடியானது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், மாலை நேரத்தில் கதையும் பாட்டும் விளையாட்டுமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் குழு, பள்ளி மூடலால் நேர்ந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டது. பாட்டும் கதையும் வீண் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பரீட்சை வைத்தால் படிப்பு வருமா?

இந்த வாதத்தின் கடைசிப் படி பரீட்சை. "பெயிலாக்கிப் போட்டால் தானாகப் படிப்பான்." தமிழ்நாட்டு அரசே 2019 செப்டம்பரில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 3, 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்கிறது. ஆனாலும் இந்த ஆசை மக்களிடம் சாகவில்லை.

பட்டாசு மண்டலத்தில் இந்த ஆசை ஆபத்தானது. வேறு ஊரில் பெயிலான பத்து வயதுப் பிள்ளை அடுத்த வருடம் அதே வகுப்பில் உட்காரும். இங்கே அதற்கு வேறொரு கதவு எப்போதும் திறந்திருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் விடியற்காலையில் பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் ஏற்றிச் செல்லப்பட்ட காலம் இன்றைய தாத்தா பாட்டிகளின் நினைவில் உண்டு. 1990-இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைப் பதிவு செய்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டோரைத் தடுத்த 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் என்று படிப்படியாக அந்தக் கதவை மூடினார்கள். 'பெயில்' என்ற ஒற்றைச் சொல் அதை மறுபடி திறக்கப் போதுமானது. வீட்டில் திருட்டுத்தனமாகத் திரி செய்யும் தொழில் இன்னும் ஒழியவில்லை.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைரன் வீனர் 1991-இல் இந்தியக் குழந்தைகளையும் அரசையும் பற்றி எழுதிய நூலில் சிவகாசியைப் பற்றியும் பேசினார். ஏழைப் பிள்ளைக்கு உழைப்பும் வசதியான பிள்ளைக்குப் படிப்பும் இயல்பு என்று அதிகாரிகளும் படித்தவர்களும் உள்ளுக்குள் நம்புவதுதான் குழந்தை உழைப்பு நீடிக்கக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. வறுமையை மட்டும் அவர் காரணமாக ஏற்கவில்லை. அதற்கும் முன்பே 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் முதலமைச்சரான காமராசர் அரசு அதைக் கைவிட்டது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி 1889-இல் எழுப்பப்பட்ட சத்திரிய வித்தியா சாலையில் படித்து, பாதியில் படிப்பை விட்டவர் அவர். அவர் பிறந்த மாவட்டத்திலேயே "இதுகளுக்கு எதுக்குப் பாட்டும் கதையும், ரெண்டு எழுத்து எழுதப் படிச்சாப் போதும்" என்று பேசுவது அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சம்தான்.

பொருள் உணர்ந்து படிப்பது இங்கே உயிரோடு தொடர்புள்ள விஷயம். 2021 பிப்ரவரி 12 அன்று தாயில்பட்டிக்கு அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடிப்பில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே வீட்டில் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பு, குழந்தை உட்பட உயிர்களைப் பறித்தது. விபத்துக்குப் பொறுப்பு உரிமத்தை உள்குத்தகைக்கு விடும் முதலாளிகளும் கண்மூடி இருக்கும் அதிகாரிகளும்தான். தொழிலாளியின் தலையில் அதைப் போடக் கூடாது. ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்ற விதியைத் தானே படித்து, "நாலு பேர் இடத்தில ஏன் எட்டுப் பேர்?" என்று கேட்கும் தொழிலாளியை ஏமாற்றுவது எளிதல்ல. காப்பீட்டுத் தாளையும் இழப்பீட்டு மனுவையும் படிக்கத் தெரிந்த குடும்பத்தை அலைக்கழிப்பதும் எளிதல்ல. நாற்பது பக்கம் பார்த்து எழுதியவர்களுக்கு அந்தத் திறன் வருவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்பது இந்த மறுப்பின் பொருளல்ல. குறை உண்டு, கோபம் அங்கே திரும்ப வேண்டும்.

ஆசிரியரின் கைப்பேசி முதல் குறை. வருகை, மதிப்பீடு, நிலை என்று எல்லாவற்றையும் செயலியில் பதிய வேண்டியிருக்கிறது. இணையம் தள்ளாடும் ஊரில் அரும்புக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரம் திரையில் கரைகிறது. 2023-இல் பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்பை மதிப்பிட முயன்றபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நிலைக்கேற்பக் கற்பித்தலுக்கு முதல் தேவை ஆசிரியரின் கண்ணும் காதும். பதிவேடு அதற்கு அடுத்ததுதான்.

ஈராசிரியர் பள்ளி இரண்டாவது குறை. ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அந்த நாளில் எந்தத் திட்டமும் நடக்காது.

மூன்றாவது, சூழ்நிலையியலும் அறிவியலும் சமூக அறிவியலும் ஓரத்துக்குப் போய்விடும் அபாயம். எழுத்தும் எண்ணும் அடிப்படை என்பதால் மற்றவை பிறகு என்று தள்ளக் கூடாது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை அகழ்ந்து சங்கு வளையல்களையும் சுடுமண் உருவங்களையும் எடுத்திருக்கிறது. வைப்பாறும் கரிசல் மண்ணும் கண் முன்னால் இருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் தாயில்பட்டிப் பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில் கிடக்கிறது. அதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஒதுக்கப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் அரசு சரியாகவே செய்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு. அப்பாவும் அம்மாவும் பொழுது விடியும் முன் ஆலை வண்டியில் ஏறிவிடும் ஊரில், முதல் மணி நேரப் பாடம் பிள்ளையின் காதில் ஏற அந்த உப்புமாவும் பொங்கலும் வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை பிள்ளையின் நோட்டை மூடி வையுங்கள். ரேஷன் கடைப் பலகையையோ, மருந்துச் சீட்டையோ, பேருந்தின் பெயர்ப்பலகையையோ காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். 32-இலிருந்து 17 போனால் என்ன என்று கேளுங்கள். படித்தால், விடை சரியாக வந்தால், அந்த வாரம் வீணாகவில்லை. வராவிட்டால் பள்ளிக்குப் போய் "என் பிள்ளை எந்த நிலையில இருக்கு, எப்ப அடுத்த நிலைக்கு ஏறும்?" என்று கேளுங்கள். ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கூடுதல் வீட்டுப்பாடம் கேட்காதீர்கள். மூன்றாவது ஆசிரியரைக் கேளுங்கள், அதைத் தீர்மானமாக எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.